மூன்று புரோட்டான்களும் ஒரு பிரிண்டரும்

என் பெயர் ஃபூரியோ பிரெஸ்ஸான். வயது நாற்பத்தொன்று. புரோட்டான்களுக்குள் என்ன உறவு, என்ன பகை என்று வேவு பார்ப்பது என் தொழில். சம்பளத்தை மூன்று வருடத்துக்கு ஒருமுறை கெஞ்சி வாங்க வேண்டும். இதுவரை நான்கு முறை கெஞ்சியிருக்கிறேன், நன்றாகவே வருகிறது. ஐந்தாவது முறை கெஞ்ச வேண்டிய வருடத்தில் நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

அந்த வருடம் ஈஸ்டருக்கு இத்தாலியில், உதினேயில் என் தங்கை நீவெஸ் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாட்டு மேசையில் அவள் கணவன் சில்வானோ கேட்டான்.

“மச்சான், பதினேழு வருஷமா ஜெனீவாவுல உக்காந்து என்னதான் பண்றே? ஒரு தடவையாவது எனக்குப் புரியற மாதிரி சொல்லேன்.”

இந்தக் கேள்விக்கு ஒரு பதிலை எப்போதும் தயாராக வைத்திருப்பேன். முள்கரண்டியைக் கீழே வைத்தேன்.

“நீயும் நானும் மட்டும் இருந்தா சண்டை வருமா? வராது. நீயும் நீவெஸும்? ஏதோ ஓடுது. நானும் நீவெஸும்? அதுவும் ஓடுது. மூணு பேரும் ஒரே கார்ல ஏறினா?”

“அந்தத் திரியெஸ்தே ஊருக்குப் போனதப் பத்தி மட்டும் பேசாத,” என்றாள் நீவெஸ்.

“அதேதான். ரெண்டு ரெண்டு பேராப் பாத்தா இல்லாத ஒண்ணு, மூணு பேர் சேர்ந்தா மட்டும் வருது. புரோட்டான்லயும் அப்படி ஒண்ணு இருக்கானு பாக்கறதுதான் என் வேலை.”

சில்வானோ ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கேட்டான். “அதுக்கு இருபத்தேழு கிலோமீட்டருக்குக் குழாய் எதுக்குடா? நம்ம காரே போதுமே.”

அவன் பம்பும் குழாயும் விற்கிறவன். பூமிக்கடியில் இருக்கும் எங்கள் வளையத்துக்குக் குழாய் சப்ளை செய்தது யார் என்பதைத் தவிர என் தொழிலில் அவனுக்கு வேறு அக்கறை இருந்ததில்லை. அன்றைக்கு மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “டிசம்பரோட கான்ட்ராக்ட் முடியுதாமே? கடையில கவுன்ட்டருக்கு ஆள் வேணும். சும்மா சொல்லி வைக்கறேன், அவ்வளவுதான்,” என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான். கிண்டலாகச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

கான்ட்ராக்டை நீட்டிக்க ஒரே வழி இருந்தது. செப்டம்பரில் லிஸ்பனில் நடக்கும் மாநாட்டில் எங்கள் மூன்று புரோட்டான் முடிவு மேடையேற வேண்டும். ஏறினால் இன்னும் மூன்று வருடம் புரோட்டான், ஏறாவிட்டால் மீதி ஆயுள் முழுக்கக் குழாய்.

முடிவு என்று நான் சொல்வது இதைத்தான். வளையத்தில் புரோட்டான்களை ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் மோதவிடுகிறோம். ஒவ்வொரு மோதலிலும் ஏதேதோ துகள்கள் சிதறி ஓடுகின்றன. எப்போதாவது மூன்று புரோட்டான்கள் ஒரே திசையில், ஒரே வேகத்தில், தோளோடு தோள் உரசிக்கொண்டு வெளியே வரும். அப்படி வரும் கூட்டாளிகள் எத்தனை என்று எண்ணுகிறோம். தற்செயலாகவே எத்தனை வரும் என்று தெரிய வேண்டுமே? அதற்காக மூன்று வெவ்வேறு மோதல்களிலிருந்து ஆளுக்கொரு புரோட்டானை எடுத்து, ஒன்றையொன்று சந்தித்தே இராத அந்நியர்களை வைத்தும் அதே கணக்கைப் போடுகிறோம். கூட்டாளிகளை அந்நியர்களால் வகுத்து, இரண்டிரண்டு பேருக்குள் இருப்பதைக் கழித்துவிட்டால், மிஞ்சுவது மூன்று பேர் கூடினால் மட்டும் வருகிற விசை. மிஞ்சியது ஒன்றுமில்லை என்றால் வரைபடத்தில் கோடு நேராகப் போகும். மூன்றும் ஒன்றையொன்று தள்ளினால் கோட்டின் இடது ஓரத்தில் ஒரு பள்ளம் விழும். ஒரு நட்சத்திரம் எவ்வளவு கனத்தைத் தாங்கிக்கொண்டு நொறுங்காமல் இருக்கும் என்பதற்கு இந்தப் பள்ளமும் ஒரு சாட்சி என்பதால் நிறைய பேர் அதற்காகக் காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன், நட்சத்திரத்துக்காக அல்ல.

எங்கள் ஆய்வுக் குழுவில் ஒரு விதி உண்டு. எந்த முடிவையும் இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். ஒருவர் செய்வதை மற்றவர் பார்க்கக் கூடாது, அதைப் பற்றிப் பேசவும் கூடாது. குறித்த நாளில் இருவரும் எங்கள் விடையைப் பூட்டி, குழுத் தலைவரான பேராசிரியரிடம் கொடுப்போம். அவர் எல்லார் முன்னாலும் திறப்பார். இரண்டு விடையும் ஒத்துப்போனால் கைதட்டல், பிளாஸ்டிக் கோப்பையில் ஷாம்பெயின்.

எனக்கு வாய்த்த இன்னொருத்தி போக்னா. வார்சாவிலிருந்து வந்தவள். பக்கத்து அறை. நிரந்தர வேலையில் இருப்பவள். பன்னிரண்டு மணி அடித்தால் பாலாடைக்கட்டி சாண்ட்விச்சைப் பிரிப்பாள், பென்சிலைக் கத்தியால் சீவுவாள், “இருக்கலாம்” என்ற வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. அவள் கணக்குப் போட்டால் அது கணக்கு. நான் போட்டால் அது ஒரு கருத்து. இப்படித்தான் எங்கள் தளத்தில் எல்லாரும் நினைத்தார்கள், அவர்களில் முதல் ஆள் நான்.

இன்னொரு விஷயத்திலும் நாங்கள் ஜோடி. எல்லாரும் எல்லாவற்றையும் திரையிலேயே பார்த்து முடித்துவிடுகிற காலத்தில், அந்தத் தளத்தில் இன்னமும் காகிதத்தில் பிரிண்ட் எடுத்துப் பார்ப்பது நாங்கள் இருவர்தான். பிரிண்டர் நடைவழியின் கோடியில், காபி மெஷினுக்குப் பக்கத்தில் இருந்தது.

ஜூன் மாதம் என் கோடு வந்தது. நேர்கோடு. நாலாவது புள்ளி மட்டும் தெற்றுப்பல் மாதிரி கொஞ்சம் மேலே துருத்திக்கொண்டிருந்தது, அது தற்செயல்தான். மற்றபடி பள்ளமும் இல்லை, மேடும் இல்லை. பிரிண்ட் கொடுத்துவிட்டுக் கீழே கேன்டீனுக்குப் போனவன் அரட்டையில் மாட்டி அரை மணி கழித்துப் போய்ப் பார்த்தேன். காகிதம் இல்லை. பிரிண்டர் வழக்கம்போல விழுங்கிவிட்டது என்று திட்டிக்கொண்டே இன்னொரு முறை கொடுத்தேன்.

பத்து நாள் கழித்துக் கான்ட்ராக்ட் விண்ணப்பத்தைப் பிரிண்ட் எடுக்கப் போனேன். தட்டில் ஏற்கெனவே ஒரு காகிதம் கிடந்தது. குப்புறக் கிடந்திருந்தால் நான் இன்றைக்கும் யோக்கியன். மல்லாந்து கிடந்தது. போக்னாவின் கோடு. இடது ஓரத்தில் ஒரு கிணறே தோண்டியிருந்தது.

பார்த்ததும் எடுத்துக் குப்புற வைத்தேன். பிறகு மறுபடி திருப்பி, நன்றாகப் பார்த்துவிட்டு, மறுபடி குப்புற வைத்தேன். அறைக்கு வந்து கதவைச் சாத்தி உட்கார்ந்தேன்.

போக்னா தப்பாகப் போட்டிருப்பாள் என்ற எண்ணம் எனக்கு ஒரு கணம்கூட வரவில்லை. என்னுடையதுதான் தப்பு, எங்கே என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பத்தொன்பது நாள் தேடினேன். எங்கள் தொழிலுக்கென்றே ஒரு வியாதி உண்டு: விடை பிடிக்கவில்லை என்றால் பிழையைத் தேடுவோம், பிடித்துப்போனால் தேடுவதை நிறுத்திவிடுவோம். கடைசியில் ஒன்று அகப்பட்டது. அந்நியர்களைப் பொறுக்குவதில் நான் ரொம்பவும் கறாராக இருந்தேன். மூன்று புரோட்டானும் மூன்று வேறு மோதல்களிலிருந்துதான் வர வேண்டும் என்று அடம்பிடித்ததால் நிறைய மூவர்களைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆள் பற்றாத இடத்தில் கொஞ்சம் தளர்த்தினால் என்ன? தளர்த்தினேன். பள்ளம் விழுந்தது. அவளுடைய பள்ளம் எவ்வளவோ அவ்வளவே. நாற்காலியில் இரண்டு சுற்றுச் சுற்றினேன். இவ்வளவு காலமும் பிழையான விடையோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேனே என்று நினைத்து உடம்பு சிலிர்த்தது.

அந்த நாட்களில் போக்னாவும் நானும் சேர்ந்து குடிக்கும் நாலு மணிக் காபி கொஞ்சம் விநோதமாக இருந்தது.

“வேலை எப்படிப் போகுது?” என்றாள் போக்னா ஒருநாள், கோப்பையைப் பார்த்துக்கொண்டே.

“பேசக் கூடாதே.”

“வேலையப் பத்திக் கேக்கல. பொதுவா கேட்டேன்.”

“பொதுவா நல்லாப் போகுது. உனக்கு?”

“பொதுவா நல்லாத்தான் போகுது.” கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “நீ எதுக்கு இன்னும் பிரிண்ட் எடுக்கற? காட்டை அழிக்கறதுக்கா?” என்றாள்.

“நீ மட்டும்?”

“நான் பென்சில்ல எழுதுவேன். நீ சும்மா பாக்கத்தானே பாப்பே.”

நான் எட்டிப்பார்த்தது தெரிந்துவிட்டதோ என்று அன்று முழுக்கப் பிரிண்டர் பக்கமே போகவில்லை. அவள் முகமும் சரியாக இல்லை. சாண்ட்விச் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மனிதர்களைக் கவனிப்பதில் நான் இவ்வளவு கெட்டிக்காரன்.

ஜூலை கடைசியில் திறக்கும் நாள் வந்தது. முப்பது பேர் கூடியிருந்தார்கள். பேராசிரியர் தால்ஹாமர் மியூனிக்கிலிருந்து காலை ரயிலில் வந்திருந்தார். அறுபத்து மூன்று வயது. சிரிக்காமலே அடுத்தவரைச் சிரிக்க வைப்பார், அழ வைப்பதற்கும் அந்த முகத்தையே வைத்துக்கொள்வார். மூலையில் ஷாம்பெயின் ஐஸில் இருந்தது. நான் சலவைச் சட்டை போட்டிருந்தேன்.

முதலில் போக்னாவின் விடை திரைக்கு வந்தது.

நேர்கோடு. பள்ளத்தைக் காணோம்.

அடுத்து என்னுடையது. கிணறு.

முப்பது பேரும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். போக்னாவின் நேர்கோட்டில் நாலாவது புள்ளி மேலே துருத்திக்கொண்டிருந்தது. அது என் தெற்றுப்பல். ஜூனில் நான் பெற்றுத் தொலைத்த பிள்ளை அவள் வீட்டு வாசலில் நின்று கையாட்டியது. திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் என்னுடைய கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கழுத்து வரைக்கும் சிவந்திருந்தது. பிரிண்டர் விழுங்கிய காகிதம் எங்கே போனது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“யாரோ ஒருத்தர் தப்பு பண்ணியிருக்கீங்க,” என்றார் தால்ஹாமர். “லிஸ்பனுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கு. மூணு நாள் தரேன், கண்டுபிடிங்க. ஃபூரியோ, எப்பவும் போல உங்க பக்கத்துலேருந்தே ஆரம்பிக்கலாமா?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பழக்கதோஷம்.

வழி சுலபமாக இருந்தது. மூன்று நாள் கழித்துப் போய், “ஆமாம், அந்நியர்களைப் பொறுக்கியதில் என் பிழை, போக்னாதான் சரி,” என்று சொன்னால் போதும். நேர்கோடு லிஸ்பனுக்குப் போகும், என் கான்ட்ராக்ட் நீளும், யாருக்கும் எதுவும் தெரியாது. அப்படிச் செய்யாமல் நான் எழுந்து நின்றது நேர்மையால் என்று நினைத்துவிடாதீர்கள். என் தெற்றுப்பல்லுக்கு இன்னொருத்தி பெயர் வைப்பதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. பொறாமைதான். எழுந்த பிறகுதான், அதைச் சொன்னால் அவளும் மாட்டுவாள் என்பது புத்தியில் பட்டது. சரி, என் பாதியை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்தேன்.

“ப்ரொஃபசர், என்னோட விடை என்னோடது இல்ல. பிரிண்டர்ல போக்னாவோட பேப்பரப் பாத்தேன். அதப் பாத்துதான் என்னோடத மாத்தினேன்.”

தால்ஹாமர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

“போக்னாவோடது நேர்கோடு. உங்களோடது பள்ளம். பாத்து எழுதறதக்கூட உங்களால சரியா எழுத முடியாதா?”

அறை அதிர்ந்தது. பின்வரிசையில் ஒருவருக்குப் புரையேறியது. பாதி உண்மையை மட்டும் சொல்ல முடியாது என்று அந்த இடத்தில் நின்றுதான் கற்றுக்கொண்டேன், வேர்த்து ஊற்றியது. சலவைச் சட்டையும் போச்சு.

“அவன் சரியாத்தான் பாத்து எழுதியிருக்கான்,” என்றது ஒரு குரல்.

போக்னா எழுந்து நின்றாள். நோட்டுக்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தாள்.

“ஜூன்ல என்னோடது பள்ளமாத்தான் இருந்துது. இது ஃபூரியோவோடது. பிரிண்டர்லேருந்து நான்தான் எடுத்தேன். இதப் பாத்துட்டு, இதே மாதிரி வர்ற வரைக்கும் மாத்தி மாத்தி நான் என்னோடத நேராக்கினேன்.”

யாரும் சிரிக்கவில்லை. தால்ஹாமர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார்.

“ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பாத்து எழுதி, ஒருத்தர் விடைய ஒருத்தர் மாத்திக்கிட்டீங்க.”

“ஆமாம்,” என்றோம் இருவரும். எங்கள் விடைகள் ஒத்துப்போனது அது ஒன்றில்தான்.

“நாப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். அடுத்தவன் தப்புன்னு நிரூபிக்க உயிர விடறவங்களத்தான் பாத்திருக்கேன். அடுத்தவன்தான் சரின்னு திருடறவங்கள இப்பத்தான் பாக்கறேன்.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “லிஸ்பன் கிடையாது. ரெண்டு விடையும் குப்பைக்கு. நானே மறுபடி போடறேன். அந்த ஷாம்பெயினைத் திரும்ப எடுத்து வைங்க.”

அவர் கணினியில் நிரலெழுதிப் பதினொரு வருடம் ஆகியிருந்தது. ஆகஸ்டிலிருந்து ஒரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். கதவில், “பிரெஸ்ஸானுக்கும் பிரிண்டருக்கும் அனுமதி இல்லை,” என்று எழுதி ஒட்டியிருந்தார். நானும் போக்னாவும் ஆளுக்கொரு நேரத்தில் காபி குடித்தோம். எதிர்ப்பட்டால் வானிலையைப் பற்றி மட்டும் பேசினோம், அதையும் ஜாக்கிரதையாகப் பேசினோம்.

அக்டோபர் நடுவில் விடை வந்தது. நேர்கோடு. எங்கள் கருவியின் கூர்மைக்கு எட்டிய வரையில் மூன்று புரோட்டான்களுக்கு என்று தனி விசை எதுவும் தென்படவில்லை. போக்னாவின் ஜூன் பள்ளத்துக்கும் காரணம் அகப்பட்டது. அந்நியர்கள் பற்றாதபோது அவள் நிரல் ஒரே மோதலிலிருந்து இரண்டு பேரை எடுத்திருக்கிறது. ஏற்கெனவே பழகியவர்களை அந்நியர் வரிசையில் நிறுத்தினால் வகுக்கும் எண் வீங்கும், விடையில் பள்ளம் விழும். நான் பத்தொன்பது நாள் பாடுபட்டு என் நிரலுக்குள் கொண்டுவந்து சேர்த்தது அச்சு அசலாக அந்தப் பிழையைத்தான்.

சுருக்கமாகச் சொன்னால், என் ஜூன் மாதக் கோடுதான் சரி. பதினேழு வருடத்தில் நான் தனியாக, யார் தயவும் இல்லாமல், முதல் தடவையிலேயே சரியாகப் போட்ட ஒரே கணக்கு அது. அதை எவ்வளவு சிரமப்பட்டுத் திருத்தினேன்!

கான்ட்ராக்ட் நீளவில்லை. தால்ஹாமர் எனக்காக ஒரு கடிதம் எழுதினார், எனக்கும் ஒரு பிரதி வந்தது. “இவர் சரியான விடையைக் கண்டுபிடிக்கக்கூடியவர். கண்டுபிடித்த பிறகு இவரை அதனருகில் விடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.” கமிட்டி அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் சில்வானோவுக்குப் போன் செய்தேன்.

“கவுன்ட்டர் இன்னும் காலியாத்தான் இருக்கு மச்சான்,” என்றான். “அளவெடுக்கறதெல்லாம் உனக்கு வரும்ல?”

டிசம்பர் இருபதாம் தேதி மத்தியானம் அறையைக் காலி செய்துகொண்டிருந்தேன். போக்னா கதவருகில் வந்து நின்றாள். பன்னிரண்டு மணி ஆகியிருந்தும் கையில் சாண்ட்விச் இல்லை. நாலாக மடித்த அந்தக் காகிதம்தான் இருந்தது.

“இது உன்னோடது. அரை வருஷமா என்கிட்டயே இருந்துடுச்சு.”

பிரித்துப் பார்த்தேன். என் நேர்கோடு, என் தெற்றுப்பல். நாலாவது புள்ளிக்குக் கீழே அவள் பென்சிலில் போலிஷ் மொழியில் ஒரு வரி எழுதியிருந்தாள். ஜூன் மாதத் தேதி.

“என்ன எழுதியிருக்கே?”

அவள் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே மலை முழுக்க மேகம்.

“‘ஃபூரியோ சரி. என் தப்பு எங்க?’”

எனக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது. பதினேழு வருடத்தில் நான் சரி என்று யாரும் சொன்னதில்லை. ஒருத்தி எழுதியே வைத்திருக்கிறாள், தேதி போட்டு, நான் அதே சமயம் என்னைத் தப்பு என்று நிரூபித்துக்கொண்டிருந்த அறைக்கு அடுத்த அறையில்.

“ஏன் போக்னா, அப்பவே ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே?”

“எப்படிச் சொல்றது?” என்றாள் அவள், நிஜமாகவே புரியாமல். “பேசக் கூடாதுன்னு விதி இருக்கே.”